தக்காளிச் செடியின் காவலைக் கெடுக்காமல் வெள்ளாமை செய்வது எப்படி

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தினேன். தாவர ஹார்மோன் என்றால் ஐந்து: ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின், எத்திலீன், அப்சிசிக் அமிலம். செடி வளர்வது, காய் பழுப்பது, இலை உதிர்வது எல்லாம் இந்த ஐந்து பேர் வேலை என்று படம் போட்டுக் காட்டுவேன். மணி அடித்ததும் சாக்பீஸைத் துடைத்துவிட்டு வந்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஒன்றேமுக்கால் ஏக்கரில் தக்காளி வைத்தேன். அப்போதுதான் உறைத்தது: நோயும் புழுவும் வரும்போது முன்னால் நிற்கிற இரண்டு பேர் என் கரும்பலகையில் ஏறவே இல்லை. ஒன்று சாலிசிலிக் அமிலம், இன்னொன்று ஜாஸ்மோனிக் அமிலம்.

மருந்தே அடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் அடிக்கிறேன். ஆனால் செடி தானாகச் செய்துகொள்ளும் காவலை நம் கையாலேயே கெடுத்துவிட்டு, அப்புறம் மருந்துக்கடை வாசலில் போய் நிற்கிறோம். அப்படிக் கெடுக்காமல் இருக்க நான் என்னென்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்பதுதான் இது.

யானைக் காவலும் ஒயர்த் திருடனும்

எங்கள் பக்கம் பஞ்சப்பள்ளிக் காட்டிலிருந்து யானை இறங்கும். ராகி கதிர் பிடித்துவிட்டால் பரண் மேல் ஆள் இருப்பார்கள். தகரம் தட்டி, பட்டாசு வெடித்து, டார்ச் அடித்து விரட்டுவார்கள். அதே தோட்டத்துக்கு மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போகிற திருடனும் வருவான். அவனைப் பிடிக்க விளக்கை அணைத்துவிட்டு கிணற்றடியில் பேச்சுமூச்சில்லாமல் உட்கார வேண்டும். தகரம் தட்டினால் நாம் இருக்கும் இடம் தெரிந்து திருடன் மறுபக்கமாக வருவான். இருட்டில் பதுங்கினால் யானை பக்கத்திலேயே வந்து நிற்கும். ஒரே ராத்திரியில் ஒரே ஆள் இரண்டு காவலையும் பார்க்க முடியாது.

செடிக்கும் இதே இக்கட்டு. சாம்பல் நோய்ப் பூஞ்சை, வைரஸ் போன்றவை உயிருள்ள செல்லுக்குள் உட்கார்ந்து அதன் சாப்பாட்டைத் திருடுபவை. செல் செத்தால் அவற்றுக்கும் சாப்பாடு இல்லை. அதனால் தொற்று விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்களைச் செடி தானே சாகடித்து வழியை அடைத்துவிடும். இந்த வேலைக்குத் தலைமை சாலிசிலிக் அமிலம். கடித்துத் தின்னும் புழுவும், திசுவைக் கொன்று அழுகவைத்துத் தின்னும் பூஞ்சையும் வேறு ரகம். அழுகல் பூஞ்சை வந்திருக்கும்போது செல்லைச் சாகடிப்பது அதற்கு இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி. அங்கே ஜாஸ்மோனிக் அமிலம் வர வேண்டும், துணைக்கு எத்திலீன். புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களை இலையில் செய்து வைப்பார்கள். புழு தின்னும், உடம்பில் ஒட்டாது. இந்த இரண்டில் ஒன்று ஏறும்போது பெரும்பாலும் மற்றது இறங்கும்.

பெயர்தான் புதுசு, பொருள் நமக்குப் பழக்கமானதுதான். ஆஸ்பிரின் மாத்திரை சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய சொந்தம். கால்வலித் தைலத்தைத் திறந்தால் மூக்கில் ஏறும் மணம் மெத்தில் சாலிசிலேட். நோய் வந்த இலையிலிருந்து மற்ற இலைகளுக்குத் தூது போகும் பொருள்களில் அதுவும் ஒன்று. 1961இல் ஃபிராங்க் ராஸ் என்ற ஆய்வாளர், புகையிலையின் சில இலைகளில் முதலில் மொசைக் வைரஸைத் தேய்த்துவிட்டுச் சில நாள் கழித்து மற்ற இலைகளில் தேய்த்தார். இரண்டாவது முறை விழுந்த புள்ளிகள் சிறுத்துப் போயிருந்தன. 1979இல் ரேமண்ட் ஒயிட் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலை ஊசியில் ஏற்றினார். அங்கேயும் வைரஸ் புள்ளிகள் குறைந்தன. செடி நோய் வந்தால் அந்த அமிலத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது என்பது 1990இல்தான் தெளிவானது.

ஜாஸ்மோனிக்குக்குப் பெயர் மல்லிகையிலிருந்து வந்தது. 1962இல் மல்லிகை எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட்டைப் பிரித்தபோது அது வெறும் வாசனைப் பொருள். 1972இல் கிளாரன்ஸ் ரயனும் அவருடன் வேலை செய்தவரும், வண்டு கடித்த உருளைக்கிழங்கு, தக்காளி இலைகளில், கடிபடாத இலையிலும் சேர்த்து, அந்தச் செரிமானக் கெடுப்புப் புரதம் கூடுவதைக் கண்டார்கள். 1990இல் ரயன் குழு மெத்தில் ஜாஸ்மோனேட் வாசம் வீசும் ஒரு புதர்ச்செடியின் கிளையைத் தக்காளிச் செடியோடு ஒரே மூடிய கூட்டுக்குள் வைத்தது. ஒன்றையொன்று தொடவில்லை. வாசம் பட்டே தக்காளி உஷாரானது. இந்தச் சோதனையை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வேலை: கடித்தது யார்

காலை ஆறரைக்கு, பனி காய்வதற்கு முன் போகிறேன். கையில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ். காட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நடந்து, பத்துச் செடியில் நின்று ஒவ்வொன்றிலும் அடி இலை, நடு இலை, கொழுந்து மூன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டும். வரப்போரச் செடியை மட்டும் பார்த்துவிட்டு வருவது பார்த்ததாகாது.

இலையில் ஓட்டை, பக்கத்தில் கருப்பு மிளகுத் தூள் மாதிரி எச்சம் என்றால் புழு. உடனே டேங்க்கைத் தோளில் மாட்டாதீர்கள். ஒரு இலையைக் கடித்ததும் அந்தச் சேதி சில நிமிஷத்தில் மற்ற இலைகளுக்குப் போய்விடுகிறது. 2018இல் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் அதை ஒளிரும்படி செய்து படமே பிடித்தார்கள்: கடிபட்ட இடத்தில் குளுட்டமேட் என்ற அமினோ அமிலம் கசிய, கால்சியம் அலை நரம்பு வழியே ஓடி அடுத்த இலையில் ஜாஸ்மோனிக் வேலை தொடங்குகிறது. செடிக்கு இரண்டு மூன்று நாள் கொடுத்து, அதே செடிக்கு அடையாளமாக ஒரு துணி கட்டி, மறுபடி பாருங்கள். புது இலையில் கடி குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் காய் பிடித்த பிறகு காய்ப்புழுவுக்கும், எப்போது வந்தாலும் ஊசிப்புழுவுக்கும் இந்தப் பொறுமை கூடாது. அவை உள்ளே போய்விட்டால் செடி என்ன கத்தினாலும் அவற்றுக்குக் கேட்காது.

வெள்ளை ஈதான் படுகள்ளன். சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சிக்கு எதிராக ஜாஸ்மோனிக் பக்கம்தான் செடிக்கு உதவும். வெள்ளை ஈயோ உறிஞ்சும்போதே செடியை ஏமாற்றி, கிருமி வந்துவிட்டது என்று நம்பவைத்து, சாலிசிலிக்கை ஏற்றிவிடுகிறது. ஜாஸ்மோனிக் தானாக இறங்கிவிடும். யானை வருகிற ராத்திரியில் திருடன் திருடன் என்று கத்தி விளக்கை அணைக்க வைக்கிற வேலை. இதைவிட மோசம், அந்தச் செடியிலிருந்து வரும் வாசம் பக்கத்துச் செடிகளையும் இதே பொய்யை நம்பவைக்கிறது. 2019இல் இதைத் தக்காளியிலேயே காட்டினார்கள். அதனால் வெள்ளை ஈ ஒரு மூலையில் தெரிந்தாலே முழுக் காட்டின் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறேன். நட்ட அன்றே ஏக்கருக்கு ஐந்தாறு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிவிடுவேன். வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் இலை சுருண்டு, குட்டையாகி நிற்கும் செடியைப் பிடுங்கி எரித்துவிடுவேன், ஐயோ பூ விட்டிருக்கிறதே என்று பார்ப்பதில்லை.

செடி வாடி நிற்கிறது, இலையில் ஒன்றும் இல்லை என்றால் மண்ணுக்குள் போக வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாற்று: இலையின் காவல் வேரில் தொடங்கும்

இலையைக் காக்கும் பொருள் இலையில்தான் உண்டாகும் என்று நினைப்போம். புகையிலையின் நிக்கோட்டின் வேரில் தயாராகி மேலே ஏறுகிறது. இலையைப் புழு கடித்தால் ஜாஸ்மோனிக் சேதி கீழே போகும், வேர் நிக்கோட்டினைச் செய்து அனுப்பும். 1942இலேயே இதை ஒட்டுக்கட்டிக் காட்டிவிட்டார்கள். புகையிலை வேரில் தக்காளித் தண்டை ஒட்டினால் தக்காளி இலையில் நிக்கோட்டின் இருந்தது, தக்காளி வேரில் ஒட்டிய புகையிலை இலையில் கிட்டத்தட்ட இல்லை. மேலே தெரிவதைப் பார்த்து மட்டும் செடியைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குப் புத்தி வந்தது இதைப் படித்தபோதுதான்.

தக்காளி வேருக்கு நான் கொடுப்பது சூடோமோனஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நல்ல பாக்டீரியா. பவுடராக வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் என்று பரிந்துரை இருக்கிறது. ஆனால் நாம் வாங்கும் வீரிய ஒட்டு விதை கலர் மருந்து பூசித்தான் பாக்கெட்டில் வருகிறது. அந்தப் பூச்சின் மேல் உயிருள்ள பாக்டீரியாவைத் தடவி என்ன லாபம்? அதனால் குழித்தட்டில் முளைத்து, முளையிலைக்கு அடுத்து வரும் உண்மை இலை இரண்டு விட்டதும் லிட்டருக்கு 10 கிராம் கரைத்துத் தேங்காய் நார்க்கழிவு நனைய ஊற்றுகிறேன். நடும் அன்று காலை தட்டுகளை அதே கரைசலில் அரை மணி நேரம் வைத்து எடுக்கிறேன். நிலத்துக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, புளியமர நிழலில் நான்கு நாள் வைத்து அப்புறம் பாரில் தூவுகிறேன். பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள், மூன்று நான்கு மாதத்தைத் தாண்டியிருந்தால் அது வெறும் மாவு. தாமிர மருந்து அடித்த கையோடு இதை ஊற்றினால் காசை வாய்க்காலில் ஊற்றியதற்குச் சமம்.

இது கிருமியை நேராகக் கொல்லும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கொல்லும்தான். பெரிய வேலை வேறு. 1991இல் நெதர்லாந்தில் கார்னேஷன் செடியின் வேரில் இந்த இனப் பாக்டீரியாவை வைத்து, வாடல் நோய்ப் பூஞ்சையைத் தண்டுக்குள் ஏற்றினார்கள். இரண்டும் கண்ணால்கூடச் சந்திக்கவில்லை. இருந்தும் நோய் குறைந்தது. வேரில் ஒட்டிய பாக்டீரியா செடி முழுவதையும் தயார் நிலையில் வைத்துவிட்டது. பின்னால் பார்த்தபோது இதற்குச் சாலிசிலிக் தேவைப்படவில்லை, ஜாஸ்மோனிக்கும் எத்திலீனும்தான் வழி என்று தெரிந்தது. முக்கியமான விஷயம், செடி எந்நேரமும் தகரம் தட்டிக்கொண்டு இருப்பதில்லை. தகரத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறது. எந்நேரமும் கத்துகிற செடி வளராது, காய்க்காது. காவலுக்கும் சாப்பாடு வேண்டுமே.

இன்னொன்று என் சொந்தப் பழக்கம், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நாற்று பத்து நாள் ஆனதும், பழைய காட்டன் புடவைத் தலைப்பை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி, காலையும் மாலையும் நாற்றுத் தலை மேல் பத்துப் பதினைந்து தடவை மெதுவாக இழுக்கிறேன். துணி நாற்றை வளைக்க வேண்டும், ஒடிக்கக் கூடாது. வளைந்து நிமிரும்போது கொழுந்தின் பச்சை மணம் எழும்பும், அந்த அளவு போதும். இலை ஈரமாக இருந்தால் தொடவே கூடாது, ஒரு நாற்றின் நோய் தட்டு முழுக்கப் பரவிவிடும். இப்படிச் செய்தால் நாற்று நெட்டையாக ஓடாமல் குட்டையாக, தண்டு தடித்து நிற்கும். தொடுதலே ஜாஸ்மோனிக்கை ஏற்றுகிறது, அப்படி வளர்ந்த செடிக்குப் பூஞ்சையையும் பூச்சியையும் தாங்கும் பலம் கூடுகிறது என்பதை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் காட்டியிருக்கிறார்கள். தக்காளி நாற்று குட்டையாவதை என் கண்ணால் பார்க்கிறேன். மீதிக்கு அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

நடும்போதும் நட்ட பிறகும்

முதல் வருஷம் மூன்றடிக்கு ஒரு பார், அடிக்கு ஒரு செடி என்று நெருக்கி நட்டேன். நிறைய செடி, நிறைய பெட்டி காய் என்ற கணக்கு. நாற்பதாம் நாள் உள்ளே கால் வைக்க இடமில்லை. கருகல் பிடித்தபோது நடுப்பகுதியில்தான் பிடித்தது. காற்றோட்டம் இல்லை, ஈரம் காயவில்லை என்று மட்டும் அப்போது நினைத்தேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. பக்கத்து இலையில் பட்டு வரும் வெளிச்சத்தில் சிவப்பு குறைந்து, அதற்கு அப்பாலுள்ள தூரச்சிவப்பு கூடியிருக்கும். செடி அதைக் கண்டதும் போட்டி வந்துவிட்டது என்று மேலே ஓடப் பார்க்கும். ஓடுவதற்காக ஜாஸ்மோனிக், சாலிசிலிக் இரண்டு காவலையும் குறைத்துக்கொள்ளும். இப்போது நாலடிக்கு ஒரு பார், ஒன்றரை அடிக்கு ஒரு செடி. குச்சி கட்டி, முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ள பக்கக்கிளைகளைக் கிள்ளிவிடுகிறேன். கிள்ளுவது வெயில் ஏறிய பிறகு, காயம் சீக்கிரம் காயும்.

யூரியாவை நட்ட பத்தாம் நாளே கைநிறைய வீசும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கரும்பச்சையாக இலை விரியும், பார்க்க அழகுதான், சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் அதே அழகு. சொட்டுநீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள்.

'வளர்ச்சி டானிக்' பற்றி ஒரு வார்த்தை. ஒரு கடையில் என்னிடம் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று சொல்லி ஒரு பாட்டிலை நீட்டினார்கள். திருப்பிப் பார்த்தால் உள்ளே இருந்தது ஜிப்ரலின். 1926இல் எய்ச்சி குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி நெல்லை நெட்டையாக ஓடவைக்கும் ஒரு பூஞ்சை நோயிலிருந்து கண்டுபிடித்த விஷயம் இது. அந்த நோய்க்கு அவர்கள் ஊரில் 'மடநாற்று' என்கிற அர்த்தத்தில் பெயர். நோய்க்கிருமி செடியை வளைக்கப் பயன்படுத்திய ஆயுதத்தையே எதிர்ப்புச் சக்தி என்று விற்கிறார்கள். ஜிப்ரலின் கூடினால் ஜாஸ்மோனிக் பக்கம் கை தளரும். காய் பிடிக்க வேண்டும் என்று அடிக்கிறவர்கள் அடிக்கட்டும், கருகலும் அழுகலும் சுற்றி இருக்கும் நேரத்தில் வேண்டாம்.

தண்ணீர்

அப்சிசிக் அமிலம் கரும்பலகையில் இருந்த ஐந்தில் ஒன்று. மண் காய்ந்தால் கூடும், இலைத்துளைகளை மூடும். இதுவரை பாடம். பாடத்தில் சொல்லாதது: அது கூடும்போது சாலிசிலிக் காவல் சரிகிறது. அப்சிசிக் அமிலம் சரியாகச் செய்ய முடியாத ஒரு தக்காளி ரகத்தை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, சாம்பல் அழுகல் பூஞ்சையை (மேலே சொன்ன சாம்பல் நோய் வேறு, இது திசுவைக் கொன்று தின்னும் ரகம்) அது மற்ற தக்காளியைவிட நன்றாகத் தாங்கியது. அதற்காக நாம் அந்த ரகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. நான்கு நாள் காயவிட்டு, கரண்ட் வந்ததும் ஒரே மூச்சில் வெள்ளமாகப் பாய்ச்சுவதை நிறுத்தினால் போதும். வாடலில் காவல் இறங்கியிருக்கும் வேருக்கு மேல் தேங்கும் தண்ணீர், அழுகல் பூஞ்சைக்கு அழைப்பு. சாயந்திரம் நாலு மணிக்கு ஐந்து விரலை மண்ணில் குத்தி, இரண்டாவது கணு வரை ஈரம் இருக்கிறதா என்று பார்த்து சொட்டுநீரைத் திறக்கிறேன். மீட்டர் எதுவும் இல்லை.

வேரை அறுக்காதீர்கள்

வேரைச் சுற்றி மண்ணில் கோடிக்கணக்கான கிருமிகள், பெரும்பாலும் நல்லவை. ஒவ்வொன்றுக்கும் வேர் தகரம் தட்டினால் தூங்க முடியாது. அதனால் கிருமி பக்கத்தில் இருப்பதை மட்டும் வைத்து வேர் அலறுவதில்லை. கிருமியும் இருந்து, செல்லும் உடைந்திருந்தால்தான் அந்த இடத்தில் முழுக் காவல் எழும்புகிறது என்று 2020இல் நுணுக்கமாகக் காட்டினார்கள். நட்ட முப்பதாம் நாளுக்கு மேல் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தி மண் அணைத்தால், செடி காய்க்குப் போட வேண்டிய பலத்தைக் காயத்துக்குப் போடும். வாடல் பாக்டீரியாவுக்கும் அந்த வெட்டுதான் வாசல். களையைக் கையால் பிடுங்குங்கள், இல்லை மேலாகச் சுரண்டுங்கள். மல்ச்சிங் ஷீட் போட வசதி இருந்தால் இன்னும் நல்லது.

தொழு உரத்தை நான் சத்துக்காக மட்டும் போடுவதில்லை. 2008இல் அராபிடாப்சிஸ் செடியின் இலையில் பாக்டீரியா நோயை ஏற்றியபோது, வேர் மாலிக் அமிலத்தைக் கூடுதலாகக் கசியவிட்டு பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நல்ல பாக்டீரியாவை வரவழைத்தது. இலைக்கு வந்த கஷ்டத்துக்கு வேர் ஆள் கூப்பிடுகிறது. கூப்பிட்டால் வருவதற்கு மண்ணில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா?

செடி மந்தமாக, மதிய வெயிலில் மட்டும் தளர்ந்து காலையில் நிமிர்ந்தால், ஒன்றை வேரோடு தோண்டி வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மணி கோத்த மாதிரி முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. கடலை வேரில் இருக்கும் முடிச்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கடலை முடிச்சு நகத்தால் சுரண்டினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது நல்லது. நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். அந்தப் புழு செடியின் ஆக்சினையும் சைட்டோகைனினையும் வளைத்து வேருக்குள் தனக்குச் சாப்பாட்டு அறை கட்டிக்கொள்கிறது. கட்டி முடித்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. அடுத்த போகத்துக்கு முன் செண்டுமல்லி ஒரு முறை வைத்து எடுங்கள். நடவுக்கு முன் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம்புண்ணாக்கு. கத்தரி வைப்பவர்கள் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் அந்த வேர் நூற்புழுவையும் வாடலையும் தாங்கும்.

ஆஸ்பிரின் கதை

இதைக் கேட்கத்தான் நிறைய பேர் வருகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வரப்பில் நின்று கேட்டது:

"டீச்சர், தலைவலி மாத்திரைய செடிக்குக் கரைச்சு ஊத்தினீங்களாமே?"

"ஊத்தினேன் தம்பி."

"செடிக்குத் தலைவலி போச்சுங்களா?"

"எனக்கு வந்துச்சு."

நடந்தது இதுதான். வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தக்காளிச் செடி. ஐந்து லிட்டர் தண்ணீரில் பத்து மாத்திரை கரைத்து நாலு செடிக்கு அடித்தேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் காகிதம் கருகின மாதிரி. கூடுதல் போட்டால் கூடுதல் காவல் என்று ஒரு தாவரவியல் ஆசிரியை நினைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது! அளவு மீறினால் சாலிசிலிக் செடிக்கே விஷம்.

அளவு தெரிந்துகொள்ள ஒரு கணக்கு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உளுந்து, பாசிப்பயறுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாலிசிலிக் அமிலம், பூப்பதற்கு முன் ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை தெளிக்கச் சொல்கிறது. அது மகசூலுக்காக. வீட்டுத்தோட்டத்தில் சோதித்துப் பார்க்க ஆசையென்றால், மேல்பூச்சு இல்லாத, தண்ணீரில் கரையும் 325 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர். வெயில் தணிந்த பிறகு, முதலில் ஒரே ஒரு செடியில் ஒரு கிளைக்கு மட்டும் அடித்து மூன்று நாள் காத்திருங்கள். நன்றாக இருந்தால் பாதிச் செடிக்கு அடித்து மீதிப் பாதியை அப்படியே விடுங்கள். பக்கத்தில் விட்டு வைத்த செடி இல்லாமல் செய்யும் சோதனை சோதனை அல்ல, நம்பிக்கை. நோய் வருவதற்கு முன்னால் அடிக்க வேண்டும், காவல் எழும்பப் பல நாள் பிடிக்கும். இலையில் புழு இருக்கும்போது வேண்டாம், வெள்ளை ஈ இருக்கும்போதும் நான் அடிப்பதில்லை. அது இழுக்கிற பக்கத்துக்கே நானும் எதற்கு இழுக்க வேண்டும்?

வேர் வழியாகவும் இது மேலே போகும். 1999இல் மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்த்த தக்காளியின் வேருக்குச் சாலிசிலிக் கொடுத்தபோது இலையில் கருகல் நோய் குறைந்தது. கருகல் பூஞ்சை திசுவைக் கொன்று தின்னும் ரகம், மேலே நான் சொன்ன பங்குப் பிரிவினைப்படி அது ஜாஸ்மோனிக் பக்கம் வர வேண்டும். ஆக அந்தப் பிரிவினையைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏக்கர் கணக்கில் மாத்திரை கரைக்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்.

டம்ளர் சோதனை

சரி, வாடல். நேற்று வரை நன்றாக இருந்த செடி பச்சை நிறம் மாறாமலே தலை தொங்கிவிட்டால் ஹார்மோன் பேச்சை நிறுத்திவிட்டுக் கத்தியை எடுங்கள். தரைக்கு மேல் நாலு விரல் தண்டை வெட்டி, அடி வெட்டு தண்ணீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் குச்சியால் தொங்கவிடுங்கள். டம்ளரை ஆட்டாதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே வைத்துப் பார்த்தால், ஐந்து நிமிஷத்துக்குள் வெட்டிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று வளைந்து வளைந்து கீழே இறங்கும். இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியை மண்ணோடு பெயர்த்து வெளியேற்றி, அந்தப் பாருக்குத் தண்ணீரை நிறுத்தி, கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் அடுத்த செடியைத் தொட வேண்டும். அங்கே இரண்டு வருஷம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வைக்காதீர்கள். ராகி வையுங்கள். பால் நூல் இறங்காமல், தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் இருந்தால் பூஞ்சை வாடல். அதற்கு அடுத்த போகத்தில் தாங்கும் ரகம் தேடுங்கள், நாற்றிலிருந்தே சூடோமோனஸை விடாதீர்கள்.

போன கார்த்திகையில் தம்பி தோட்டத்தில் பார்த்தபோது நூல் இறங்கியது. பதினோரு செடியைப் பிடுங்கினார், பன்னிரண்டாவதை நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிட்டு, நாலு நாளில் அதையும் பிடுங்கினார். அந்த டம்ளர் இப்போது மோட்டார் ரூம் ஜன்னலில் இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மருமகள் சொல்லிவிட்டாள்.